கைப்பேசியில் உணவுப் பதிவு: ஓர் உணவியல் ஆலோசகரின் அனுபவம்

உணவியல் ஆலோசகராக வேலை பார்ப்பவருக்கு, எதிரே அமர்ந்திருப்பவர் உண்மையில் என்ன சாப்பிடுகிறார் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் பாதி வேலை. இரத்தப் பரிசோதனையின் முடிவு தாளில் அச்சாகி வந்துவிடுகிறது. எடையும் இடுப்புச் சுற்றளவும் அளந்த உடனே தெரிந்துவிடுகின்றன. உணவு மட்டும் வாய்க்கணக்காகவே எங்களிடம் வந்து சேர்கிறது. நேற்றுக் காலை முதல் இரவு வரை என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதும் 24 மணி நேர நினைவுகூரல், எந்த உணவை வாரத்தில் எத்தனை முறை உண்கிறீர்கள் என்று கேட்கும் வினாத்தாள், சில நாள்களுக்கு உண்டதையெல்லாம் எழுதிவரச் சொல்லும் உணவுக் குறிப்பேடு ஆகிய மூன்றும் எங்கள் துறையில் நெடுங்காலமாகப் புழங்குபவை. முதல் இரண்டும் நினைவாற்றலை நம்பியிருக்கின்றன; மூன்றாவது பொறுமையை நம்பியிருக்கிறது. குறிப்பேட்டைக் கொண்டுவருபவர்களில் பலர் அதை ஆலோசனைக்கு வருவதற்கு முந்தைய இரவில் ஒரே மூச்சில் எழுதி நிரப்பியிருப்பார்கள்; ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு என்று பக்கத்தைப் பார்த்ததுமே அது தெரிந்துவிடும்.

இப்படிச் சொல்வதால் அவர்களைப் பொய்யர்கள் என்று நான் நினைப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நியூயார்க்கில் நடந்து 1992-இல் வெளியாகி, எங்கள் துறையில் இன்றும் பேசப்படும் ஆய்வு ஒன்று உண்டு. நாளொன்றுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாக உண்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை அதில் அளந்து பார்த்தார்கள். ஹைட்ரஜனின் கனமான வகையும் ஆக்சிஜனின் கனமான வகையும் கலந்த நீரைக் குடிக்கவைத்து, அவை உடலிலிருந்து வெளியேறும் வேகத்தில் உள்ள வேறுபாட்டைக் கொண்டு உடல் செலவிடும் ஆற்றலைக் கணக்கிடும் முறை அது. அதில் வாய்மொழிக்கு இடமே இல்லை. அவர்கள் தாம் உண்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்தும், தம் உடலுழைப்பை 51 விழுக்காடு கூட்டியும் சொல்லியிருந்தது தெரியவந்தது. கரண்டியின் கொள்ளளவைத் தவறாக எண்ணுவது, நின்றபடி வாயில் போட்டுக்கொண்டதை உணவாகவே கருதாமல் விடுவது, குடித்ததை மறப்பது ஆகியவை சேர்ந்தாலே இவ்வளவு பெரிய இடைவெளி உண்டாகிவிடும்.

இந்த இடைவெளியைக் குறைக்கக் கைப்பேசி உதவுமா என்று பார்க்கத் தொடங்கியபோது எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு இருக்கவில்லை. அதிலுள்ள கணக்குப்போடும் வசதியே அதன் சிறப்பு என்று உணவுப் பதிவுச் செயலிகளின் விளம்பரங்கள் சொல்கின்றன. என் அனுபவத்தில் அதன் பயன் வேறிடத்தில் இருக்கிறது. உண்ணும் நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரே பதிவுக் கருவி அதுதான். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட சோதனையில் 128 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கைப்பேசிச் செயலியையும், மற்றொன்றுக்கு இணையதளத்தையும், மூன்றாவதற்குத் தாள் குறிப்பேட்டையும் கொடுத்து ஆறு மாதம் பதிவுசெய்யச் சொன்னார்கள். செயலிக் குழுவினர் சராசரியாக 92 நாள்கள் பதிவுசெய்திருந்தார்கள். இணையதளக் குழு 35 நாள்கள், குறிப்பேட்டுக் குழு 29 நாள்கள். மூன்று குழுவினரும் எழுதவேண்டியிருந்தது ஏறத்தாழ ஒன்றேதான்; எழுதும் இடம் பையில் இருக்கிறதா, வீட்டில் இருக்கிறதா என்பதே அவர்களைப் பிரித்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே, பதிவு தொடங்குபவர்களிடம் நான் முதலில் வற்புறுத்துவது துல்லியத்தை அன்று, நேரத்தை. உண்பதற்கு முன்போ உண்டு எழுந்த உடனோ பதிவாகிவிட வேண்டும். குத்துமதிப்பாக இருந்தாலும் பரவாயில்லை, அளவு எழுதாமல் பெயர் மட்டும் இருந்தாலும் பரவாயில்லை. இரவு படுக்கும்போது உட்கார்ந்து எழுதிய துல்லியமான பட்டியலைக் காட்டிலும் அது எனக்கு அதிகம் பயன்படுகிறது. செயலியைத் திறந்து தேடித் தட்டச்சு செய்ய நேரமில்லாத இடங்களில் ஒரு படம் எடுத்துவைத்தால் போதும். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் முதியவர்களிடம், சாப்பிட்டு முடித்ததும் குரல் பதிவாகச் சொல்லி வையுங்கள் என்கிறேன். அந்தக் குரல் பதிவுகள் தரும் தகவல் சில சமயம் வியக்கவைக்கும். பசிக்கவில்லை என்றாலும் மாத்திரை போடவேண்டுமே என்று சாப்பிட்டேன் என்பது போன்ற ஒரு வாக்கியம் எந்தச் செயலியின் கட்டத்துக்குள்ளும் அடங்காது.

மற்றவர்களைச் செய்யச் சொல்லும் ஒன்றை நானே செய்து பார்க்காமல் இருக்கக் கூடாது என்பதால், ஆரோக்கியம் குறித்த கவலை எதுவும் இல்லாத காலத்திலேயே என் உணவை நான் பதிவுசெய்தேன். தொடக்கத்தில் இது எரிச்சலூட்டும் வேலை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. ஒவ்வொரு பொருளையும் தேடுவது, வரும் பட்டியலில் எது சரி என்று பார்ப்பது, அளவு அலகை மாற்றுவது என்று நேரம் கரைந்துபோகும். போகப் போக, நாம் உண்பவற்றில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் இருபது முப்பது பொருள்களே என்பது புரியும். அவை செயலியின் அண்மைப் பட்டியலில் மேலே வந்து நின்றுகொள்ளும். 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பதிவுக்குச் செலவான நேரம் முதல் மாதத்தில் நாளொன்றுக்கு 23.2 நிமிடமாக இருந்து ஆறாவது மாதத்தில் 14.6 நிமிடமாகக் குறைந்தது. அதே ஆய்வில், எவ்வளவு நேரம் எழுதினார்கள் என்பதைவிட நாளில் எத்தனை முறை எழுதினார்கள் என்பதே எடைக் குறைவோடு பொருந்திவந்தது. இந்த எண்களைப் புதிதாகத் தொடங்குபவர்களிடம் சொல்லிவிடுகிறேன். முதல் பத்து நாள் அலுப்பு நிரந்தரம் என்று நினைத்துப் பாதியில் விடுபவர்கள் மிகுதி.

எந்த உணவில் எவ்வளவு கலோரி என்று செயலி வைத்திருக்கும் தரவுத்தளத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல எண்ணத்தோடு தொடங்கியவர்களின் பதிவு தடம் மாறுவது பெரும்பாலும் இங்கேதான். வேகவைத்த முட்டை என்று தேடினால் ஒரே செயலியில் பல வரிகள் வரும். ஒன்றில் 55 கலோரி, இன்னொன்றில் 78, வேறொன்றில் 155 என்று இருக்கும். கடைசி வரி 100 கிராமுக்கு உரியது. நடுவில் உள்ளது ஓரளவு பெரிய முட்டை ஒன்றுக்கு உரியது. முதல் வரி சிறிய முட்டைக்கு உரியதாகவோ யாரோ ஒரு பயனர் தோராயமாக உள்ளிட்டதாகவோ இருக்கலாம். பல செயலிகளின் தரவுத்தளத்தில் பயனர்களே வரிகளைச் சேர்க்க முடியும், சரிபார்ப்பவர் பெரும்பாலும் இருப்பதில்லை. இப்படிப் பல வரிகள் கண்ணெதிரே நிற்கும்போது மனிதர்கள் எதைத் தேர்கிறார்கள் என்பதை நான் அருகிலிருந்து கவனித்திருக்கிறேன்: விரல் மேலும் கீழும் நகரும், பிறகு இருப்பதிலேயே குறைந்த எண்ணின்மேல் போய் நிற்கும். ஏமாற்றும் எண்ணம் அவர்களிடம் துளியும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு பொருளிலும் இப்படி நடந்தால் நாளின் மொத்தக் கணக்கில் ஒரு வேளை உணவே காணாமல் போய்விடும்.

இதற்கு நான் சொல்லும் வழி எளியது. அடிக்கடி உண்ணும் பொருள்களுக்கு மட்டும் ஒருமுறை உட்கார்ந்து, அரசு நிறுவனங்கள் வெளியிடும் உணவு அடக்க அட்டவணையோடு ஒப்பிட்டு, சரியான வரியைத் தேர்ந்து விருப்பப் பட்டியலில் சேமித்துவிட வேண்டும். அதன்பின் வேறு வரியைத் தொடவே கூடாது. அமெரிக்க வேளாண்துறையின் தரவுத்தளம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வேறு பல நாடுகளும் தத்தம் உணவுகளுக்கு அத்தகைய அட்டவணைகளை வெளியிட்டிருக்கின்றன. அட்டவணையைத் தேட நேரமில்லை என்றால் மனக்கணக்காகவே ஒரு சோதனை செய்யலாம். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9 என்பது வில்பர் ஆட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த கணக்கு. உணவுப் பொதிகளில் உள்ள ஊட்டச்சத்துச் சீட்டுகள் இன்றும் பெரும்பாலும் இதை ஒட்டியே அச்சாகின்றன. ஒரு வரியில் மாவுச்சத்து 20 கிராம், புரதம் 10, கொழுப்பு 10 என்று இருந்தால் மொத்தம் 80, 40, 90 சேர்ந்து 210 கலோரி வர வேண்டும். அங்கே 120 என்று எழுதியிருந்தால் அந்த வரியை அப்படியே ஒதுக்கிவிடலாம். பத்து நொடி வேலைதான்; பள்ளிப் பிள்ளைகள்கூட இதை ஒரு விளையாட்டாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

பார்கோடை ஸ்கேன் செய்வது தட்டச்சைவிட விரைவானது, பிழையும் குறைவு. ஆனால் அங்கேயும் பொதியில் எழுதியுள்ள ஒரு பரிமாறும் அளவுக்கும் நாம் உண்மையில் உண்ட அளவுக்கும் உள்ள வேறுபாட்டை யாராவது கவனிக்க வேண்டும். பொதி முழுவதையும் முடித்துவிட்டு ஒரு பரிமாறும் அளவு என்று பதிந்திருக்கும் வரிகளை வாரந்தோறும் காண்கிறேன். சீட்டில் உள்ள எண்ணே முற்றிலும் துல்லியமானது என்றும் எண்ணிவிடக் கூடாது; அமெரிக்க விதிகளின்படி, பொருளில் உள்ள கலோரி சீட்டில் அச்சிட்டதைவிட 20 விழுக்காடு வரை கூடுதலாக இருந்தாலும் ஏற்கப்படுகிறது. ஆட்வாட்டரின் கணக்கும் எல்லா உணவுக்கும் ஒன்றுபோலப் பொருந்துவதில்லை. 28 கிராம் பாதாம் பருப்பில் ஏறத்தாழ 170 கலோரி என்று சீட்டுகள் சொல்லிவந்தன. 2012-இல் அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர்கள் மனிதர்களிடம் அளந்து பார்த்தபோது உடல் எடுத்துக்கொண்டது 129 கலோரி மட்டுமே. கடினமான செல்சுவருக்குள் இருக்கும் கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறிவிடுகிறது. செயலி திரையில் 1,847 என்று கடைசி இலக்கம் வரை காட்டும் எண்ணை ஏன் கறாராக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்பவர்களுக்கு இந்தப் பாதாம் கதையைத்தான் சொல்வேன்.

சமைத்த எடையா, சமைக்காத எடையா என்பது அடுத்த பெரிய குழப்பம். சமைக்காத வெள்ளை அரிசி 100 கிராமில் சுமார் 360 கலோரி. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 130. இடையில் சேர்ந்தது நீர் மட்டுமே. தட்டில் உள்ள சோற்றை எடைபோட்டுவிட்டு அரிசிக்கான வரியைத் தேர்ந்தவரின் கணக்கு மூன்று மடங்கு வரை ஊதிப்போகும். மாறாக அரிசியை அளந்துவிட்டுச் சோற்றின் வரியைத் தேர்ந்தவருக்கு மூன்றில் ஒரு பங்கே பதிவாகும். இறைச்சி நேர்மாறானது, வேகும்போது நீரை இழந்து எடை குறைந்துவிடும். ஆகவே சேமித்துவைக்கும் வரியின் பெயரிலேயே வெந்தது, வேகாதது என்று எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

பலருக்கும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் சமைக்கும் வீடுகளில் தனியொருவரின் பங்கை எப்படிக் கணக்கிடுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். இதற்கு ஒரு டிஜிட்டல் தராசு இருந்தால் போதும். காலிப் பாத்திரத்தின் எடையை ஒருமுறை அளந்து கைப்பேசியில் குறித்து வையுங்கள். சமைக்கும்போது சேர்க்கும் முக்கியப் பொருள்களின் எடையை மட்டும் செயலியில் ஒரு சமையல் குறிப்பாகப் பதியுங்கள். சமைத்து முடித்தபின் பாத்திரத்தோடு எடைபோட்டு, காலிப் பாத்திரத்தின் எடையைக் கழியுங்கள். வந்த கிராம்களையே மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையாகச் செயலியில் கொடுத்துவிட்டால், ஒரு கிராமுக்கு ஒரு பங்கு என்றாகிவிடும். பிறகு உங்கள் தட்டில் விழுந்தது 180 கிராம் என்றால் 180 பங்கு என்று பதிந்தால் முடிந்தது. எழுதிப் பார்த்தால் நீளமாகத் தெரியும் இந்த வேலை, அடுப்பின் பக்கத்தில் தராசு நிரந்தரமாக இருக்குமானால் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது.

எண்ணெய்க்கு மட்டும் வேறு முறை வேண்டும், ஏனெனில் கண்ணளவு அதிகம் பிசகுவது எண்ணெயில்தான். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சுமார் 40 கலோரி, ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120. பாட்டிலைச் சாய்க்கும் நேரம் அரை நொடி நீண்டாலே ஒரு மேசைக்கரண்டி கூடுதலாகிவிடும், பார்க்கும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. கரண்டியில் அளந்து ஊற்றச் சொன்னால் யாரும் இரண்டு நாளுக்கு மேல் செய்வதில்லை. ஆகவே பாட்டிலையே தராசில் வைக்கச் சொல்கிறேன். பாட்டிலை வைத்து, எடையைச் சுழியாக்கும் பொத்தானை அழுத்துங்கள், எடுத்து வேண்டிய அளவு ஊற்றுங்கள், மறுபடி தராசிலேயே வையுங்கள். திரையில் கழித்தல் குறியோடு தெரியும் எண்தான் பாத்திரத்துக்குப் போன எண்ணெயின் எடை. ஒரு கிராமுக்கு 9 கலோரி என்பதால் மேற்கொண்டு தேடவேண்டியதும் இல்லை. பொரிக்கும்போது முழு எண்ணெயும் உணவில் சேர்வதில்லை என்பதால், பொரித்து முடித்து ஆறியபின் மீந்ததையும் அளந்து கழிக்க வேண்டும். ஒரு வாரம் இப்படிச் செய்தவர்கள் பெரும்பாலும் அதன்பின் தராசு இல்லாமலேயே குறைவாக ஊற்றத் தொடங்கிவிடுகிறார்கள்; பதிவின் எண்களைக் காட்டிலும் கைப்பழக்கத்தில் ஏற்படும் இந்த மாற்றமே எனக்கு மதிப்புள்ளதாகத் தோன்றுகிறது.

இனிப் படங்களுக்கு வருவோம். தட்டைப் படம் பிடித்தால் கலோரியைச் சொல்லிவிடும் என்ற உறுதிமொழியோடு பல செயலிகள் வந்துவிட்டன. கூகுள் ஆய்வாளர்கள் 2015-இலேயே இந்த முயற்சியைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். என்ன உணவு என்று அடையாளம் காண்பதில் இவை வெகுவாக முன்னேறியிருக்கின்றன. எவ்வளவு உணவு என்பதில்தான் தடுமாற்றம். படத்தில் நீளமும் அகலமும் உண்டு, ஆழம் இல்லை. கிண்ணம் எவ்வளவு ஆழமானது, மேலே உள்ளதன் அடியில் என்ன இருக்கிறது, கலந்திருப்பது எண்ணெயா நீரா, பானத்தில் சர்க்கரை எத்தனை கரண்டி என்பவற்றை எந்தக் கேமராவாலும் பார்க்க முடியாது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் உணவுப் படங்களை ஆராய்ந்த குழு, அளவு தெரிந்த கட்டம் போட்ட அட்டை ஒன்றைத் தட்டின் அருகே வைத்துப் படம் எடுக்கச் செய்தது. அட்டையின் அளவு தெரியும் என்பதால் உணவின் பரப்பைக் கணக்கிட முடிந்தது. நம் வசதிக்கு ஏதேனும் ஓர் அட்டையையோ எப்போதும் பயன்படுத்தும் கரண்டியையோ வைத்தாலும் ஒப்பிட உதவும். நேர் மேலிருந்து எடுக்காமல் ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் எடுத்தால் உயரமும் ஓரளவு தெரியும்.

உண்பதற்கு முன் ஒரு படம், உண்டபின் ஒரு படம் என்று இரண்டு எடுக்கச் சொல்கிறேன். முதல் படம் பரிமாறியதைக் காட்டும். இரண்டாவது படம் மீதம் வைத்ததையும், இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்களா என்பதையும் காட்டும். செயலி தரும் கலோரி எண்ணை நான் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. படத்தையே வந்தவரோடு சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறேன். வேளைக்கு வேளை காய்கறி தட்டில் எத்தனை பங்கு இருக்கிறது என்பது எண்களைப் படிக்காமலே தெரிந்துவிடும். படங்கள் ஒவ்வொன்றிலும் நேரம் பதிவாகியிருப்பது மற்றொரு பெரும் வசதி. மூன்று வேளையைத் தவிர எதையும் தொடுவதில்லை என்று உறுதியாகச் சொன்ன ஒருவரின் படங்களை நேர வரிசையில் அடுக்கியபோது, இரவு உணவுக்கும் உறக்கத்துக்கும் இடையில் சிறு சிறு தட்டுகளாக மட்டும் பல படங்கள் நின்றன. அவரே எடுத்த படங்கள்தாம். ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் சிறியது என்பதால் அவர் மனத்தில் அவை ஒரு வேளையாகச் சேரவே இல்லை. நான் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை, அவரே சிரித்துவிட்டார்.

நேரம் என்றதும் இரவுப் பணி செய்பவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். செயலிகளுக்கு நாள் என்பது நள்ளிரவு 12 மணிக்கு முடிந்துவிடும். இரவு 1 மணிக்குப் பணியிடத்தில் உண்பவரின் பெரிய வேளை அடுத்த நாள் கணக்கில் போய் விழும்; விடுப்பு நாளில் அந்த வேளை மாலைக்கு நகரும். விளைவாக ஒரு நாள் பட்டினி கிடந்தவர் போலவும் மறுநாள் விருந்துக்குப் போனவர் போலவும் வரைபடம் காட்டும். செவிலியர் ஒருவரின் பதிவு இப்படி ஏறி இறங்கியதைப் பார்த்து முதலில் திகைத்து, பிறகு பணி அட்டவணையை அருகில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. இத்தகையவர்கள் விழித்ததிலிருந்து உறங்கும் வரை உண்டதை ஒரே நாளாகக் கருதி, நள்ளிரவுக்குப் பின் உண்டதையும் முந்தைய தேதியிலேயே பதிந்துகொள்ள வேண்டும்.

சமைப்பவர்களின் பதிவில் வேறுவகை ஓட்டை உண்டு. உப்புப் பார்த்தது, ஓரத்தில் ஒட்டியதை வழித்து உண்டது, பிள்ளைகள் மீதம் வைத்ததை வீணாக்க மனமின்றி முடித்தது ஆகியவற்றுக்குத் தட்டும் இல்லை, படமும் இல்லை. இவற்றை ஒவ்வொன்றாகப் பதியச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதால், ருசி பார்த்தது என்ற பெயரில் 100 கலோரிக்கு ஒரு வரியை உருவாக்கி, சமைத்த நாளெல்லாம் ஒருமுறை தட்டிவிடச் சொல்கிறேன். அந்த எண் கற்பனையானதுதான். ஆனாலும் சுழி என்று விடுவதைவிட அது உண்மைக்கு நெருக்கமானது.

செயலிகளில் உடனே அணைத்துவிட வேண்டிய வசதி ஒன்று இருக்கிறது. கைக்கடிகாரமோ கைப்பேசியோ அளந்த உடற்பயிற்சிக் கலோரியை எடுத்து, இன்று இன்னும் இவ்வளவு உண்ணலாம் என்று கூட்டிக் காட்டும் வசதி அது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017-இல் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தது. இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. செலவான ஆற்றலைக் கணிப்பதில் மட்டும் அவற்றுள் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிசகியது; மோசமானது 93 விழுக்காடு. அந்த எண்ணை நம்பி இரவு உணவைக் கூட்டிக்கொள்வது, கையில் வராத சம்பளத்தைச் செலவழிப்பது போன்றது. செயலி முதல் நாள் கேட்கும் வயது, உயரம், எடை ஆகியவற்றைக் கொண்டு விதிக்கும் அன்றாட வரம்பும் ஒரு சூத்திரத்தின் மதிப்பீடே. இரண்டு மூன்று வாரப் பதிவையும் அதே காலத்து எடைப் போக்கையும் சேர்த்துப் பார்த்து அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஒரே நாளில் எடை ஒரு கிலோ ஏறியது என்று காலையில் அழைத்துப் பதறுபவர்களிடம், உப்பும் மாவுச்சத்தும் அதிகமான நாளுக்கு மறுநாள் உடலில் நீர் தங்குவது இயல்பே என்று சொல்லி, வாரச் சராசரியை மட்டும் பார்க்கச் சொல்கிறேன்.

பதிவைப் படிக்கும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்த முயல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வாரத்துக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் காய்கறியும், 5 கிராமுக்கும் குறைவான உப்பும் என்று பரிந்துரைக்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவருக்கு உப்பை முதலில் பார்ப்போம். செயலியில் தெரிவது உப்பு அன்று, சோடியம், அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும், ஆக 2,000 மில்லிகிராம் சோடியம் என்பது 5 கிராம் உப்பு. பொதியில் அடைத்த உணவுகளை ஸ்கேன் செய்து பழகியவர்களுக்கு, உப்பு எங்கிருந்து வருகிறது என்பது ஒரே வாரத்தில் தெளிவாகிவிடும். அவர்கள் எதிர்பார்க்கும் இடத்திலிருந்து அது வருவதில்லை. உப்பே கரிக்காத ரொட்டியும் இனிப்பு பிஸ்கட்டும் அந்தப் பட்டியலில் நின்று அவர்களை வியக்கவைக்கும். வீட்டில் சமைத்ததன் சோடியத்தை மட்டும் செயலியை நம்பிச் சொல்ல முடியாது, சமைத்தவர் எவ்வளவு உப்புப் போட்டார் என்பது அதற்குத் தெரியாது. உப்பு டப்பாவை மாதத் தொடக்கத்திலும் இறுதியிலும் எடைபோட்டு, ஆள் கணக்கில் வகுத்துப் பார்ப்பது அதைவிட நம்பகமானது.

எல்லோரையும் பதிவுசெய்யச் சொல்லலாமா என்றால், கூடாது என்பதே என் திடமான கருத்து. உணவு சார்ந்த மனநலக் கோளாறு கண்டறியப்பட்டவர்களிடம் 2017-இல் வெளியான ஆய்வொன்று கேட்டபோது, பரவலாக வழங்கும் ஒரு கலோரிச் செயலியைப் பயன்படுத்தியவர்களில் 73 விழுக்காட்டினர் தம் கோளாறில் அதற்கும் பங்கு இருப்பதாகச் சொன்னார்கள். செயலிதான் நோயை உண்டாக்கியது என்று இதைக் கொண்டு முடிவுகட்ட முடியாது. ஆனாலும் எச்சரிக்கைக்கு இதுவே போதும். வளரிளம் பருவத்தினர், முன்பு உணவைக் கடுமையாக ஒதுக்கியோ அளவின்றி உண்டோ துன்பப்பட்டவர்கள் ஆகியோருக்கு எண்கள் இல்லாத படப் பதிவைக்கூட மருத்துவரோடு பேசியபின்பே சொல்கிறேன். மற்றவர்களிடத்தும் சில அறிகுறிகளைக் கவனிக்கிறேன்: பதிய முடியாது என்பதற்காக நண்பர்களோடு உண்பதைத் தவிர்ப்பது, வரம்பைத் தாண்டியதாகச் சிவப்பு நிறத்தில் எண் வந்துவிட்டதென்று அடுத்த வேளையை விட்டுவிடுவது, எண் தெரியாத உணவைத் தொடவே அஞ்சுவது. இவற்றுள் ஒன்று தெரிந்தாலும் அன்றே செயலியை நீக்கச் சொல்லிவிடுவேன். அதை நீக்கியபின் நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொன்னவர்களும் உண்டு.

வீட்டில் ஒருவரின் உணவை மற்றொருவர் பதிவது வரவர அதிகமாகிவருகிறது. வயதான பெற்றோருக்காகப் பிள்ளைகள் செய்வது பெரும்பாலும் அன்பினால்தான். ஆனால் தட்டை நோக்கிக் கைப்பேசி நீளும்போதெல்லாம் சோதனைக்கு உள்ளாவதைப் போல உணர்வதாக முதியவர்கள் என்னிடம் தனியே சொல்லியிருக்கிறார்கள். யாருடைய உணவோ அவரிடம் கேட்டு, எதற்காக, எத்தனை நாளைக்கு, யார் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டுத் தொடங்குவதே முறை. கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தால் உண்பதே மாறிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொள்வதை நிறுத்தியிருந்தால், பதிவில் தெரிவது அவருடைய வழக்கமான உணவு அன்று.

தகவல் பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018-இல் பெயர்பெற்ற உணவுப் பதிவுச் செயலி ஒன்றின் சுமார் 15 கோடிக் கணக்குகளின் பயனர் பெயர், மின்னஞ்சல் முகவரி முதலியவை திருடுபோயின. உணவுப் பதிவு நம் நோய், வேலை நேரம், மத ஒழுக்கம், கர்ப்பம் வரை பலவற்றைக் காட்டிக்கொடுக்கக்கூடியது. இந்தச் செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் வையுங்கள். தொடர்பு எண்கள், இருப்பிடம் ஆகியவற்றுக்கு அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள், உணவைப் பதிய அவை தேவையில்லை. படங்கள் தானாகவே இணையச் சேமிப்பில் ஏறுகின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். ஆலோசகருக்கு அனுப்பும்போது கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்காமல், வேண்டிய நாள்களின் அறிக்கையை மட்டும் எடுத்து அனுப்புங்கள். நிறுத்தும்போது செயலியை அழித்தால் மட்டும் போதாது, கணக்கை நீக்கும் வசதி அமைப்புகளுக்குள் எங்கோ ஒளிந்திருக்கும். அதைத் தேடி நீக்கிய பின்பே செயலியை அழிக்க வேண்டும்.

எத்தனை நாள் பதிவது என்பதற்கு, என்னிடம் வருபவர்களுக்கு நான் கொடுக்கும் ஏற்பாடு இதுதான். முதல் வாரம் படங்கள் மட்டும், எந்த உணவையும் மாற்றாமல். அடுத்த மூன்று வாரங்கள் செயலியில் முழுப் பதிவு, விடுமுறை நாள்களையும் விட்டுவிடாமல். வார நாள்களில் ஒழுங்காக இருப்பவர்களின் கதை விடுமுறையில்தான் வேறாக இருக்கும். விட்டுப்போன வேளையை ஊகித்து நிரப்பாமல் காலியாகவே விட வேண்டும், ஏனெனில் எந்த வேளைகள் விட்டுப்போகின்றன என்பதிலும் ஒரு செய்தி இருக்கிறது. அதன்பின் பதிவை நிறுத்திவிட்டு, தெரிந்துகொண்டதில் ஒன்றிரண்டை மட்டும் பழக்கமாக்குகிறோம். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறையோ, மருந்து மாறினாலோ, பரிசோதனை முடிவு மாறினாலோ மறுபடி ஒரு வாரம் பதிகிறோம். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு மட்டும் இந்த ஏற்பாடு பொருந்தாது. அவர்கள் மாவுச்சத்தின் அளவை வேளைதோறும் அறிந்தாக வேண்டும் என்பதால், எதைப் பதிய வேண்டும், எவ்வளவு துல்லியமாகப் பதிய வேண்டும் என்பதை அவர்களுடைய மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.